ஒட்டாத மனமும் உடைந்த வேலையும்

பணியிடத்தில் மனம் ஒட்டாமல் போவது ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் பேச்சு குறைகிறது. கூட்டங்களில் யோசனை சொல்வது நிற்கிறது. அடிக்கடி விடுப்பு எடுக்கும் பழக்கம் வருகிறது. கடைசியில் ராஜினாமாக் கடிதம் வருகிறது. நிர்வாகம் விழித்துக்கொள்வதும் அப்போதுதான். கடிதமே கொடுக்காமல் உடல் மட்டும் நாற்காலியில் இருக்க, மனம் எப்போதோ வெளியேறிவிட்ட நிலை இதைவிடக் கவலைக்குரியது. "ஏதோ சம்பளத்துக்குப் போய் வருகிறேன்" என்று அலுவலகங்களில் சொல்லப்படும் சொல்லுக்குள் இருப்பது அந்த நிலைதான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஆளின் குணம். சோம்பல், பொறுப்பின்மை, இந்தத் தலைமுறைக்குப் பொறுமை கிடையாது என்ற பேச்சு. தரப்படும் மருந்தும் அதற்கேற்பவே அமைகிறது: ஊக்கமூட்டும் சொற்பொழிவு, ஒருநாள் சுற்றுலா, பண்டிகைக் கொண்டாட்டம், யோகா வகுப்பு. இவற்றால் தீங்கு எதுவும் இல்லை. ஆனால் கடந்த நூறாண்டுகளில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் நடந்த ஆய்வுகள் வேறோர் இடத்தைச் சுட்டுகின்றன. வேலை எப்படித் துண்டாக்கப்பட்டு, யார் யாருக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கிறது. பட்டம் பெற்று வேலைக்குச் செல்வோர் சில ஆண்டுகளிலேயே பிறருக்கு வேலை பங்கிடும் இடத்துக்கு வந்துவிடுவார்கள் என்பதால், இந்த வரலாறு அவர்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது.

இத்தகைய ஆய்வுகளில் முதலில் பெயர் பெற்றது, சிகாகோவை ஒட்டிய சிசரோ நகரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் நடத்திய ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்தது. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று 1924இல் சோதிக்கத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் நேரான தொடர்பு பிடிபடவில்லை. 1927 முதல் 1932 வரை, தொலைபேசி ரிலே பூட்டும் பெண்கள் சிலரைத் தனியறையில் அமர்த்தி ஓய்வு இடைவேளையையும் வேலை நேரத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். அந்தச் சிறு குழுவின் உற்பத்தி உயர்ந்தது. கூலி கணக்கிடும் முறையும் அப்போது மாற்றப்பட்டிருந்ததால், உயர்வுக்கு எது காரணம் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அதே ஆலையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நடத்திய நேர்காணல்களின் பாடம் தெளிவானது. கேள்விப் பட்டியலை வைத்துக் கேட்டபோது கிடைக்காத செய்திகள், தொழிலாளி தன் விருப்பம்போல் பேச விடப்பட்டபோது கிடைத்தன.

இதைவிட ஆழமாகப் போனது இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நடந்த ஆய்வு. 1947 ஜனவரி 1ஆம் தேதி பிரிட்டனின் சுரங்கங்கள் அரசுடைமையாயின. இயந்திரங்கள் வந்திருந்தன, பணி நிலைமையும் முன்னைவிடத் தேறியிருந்தது. இருந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை. ஆட்கள் சுரங்கத்தை விட்டு ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எஞ்சியவர்களிலும் சராசரியாக ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. லண்டனின் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் டிரிஸ்ட்டும், முன்பு சுரங்கத்தில் வேலை செய்த கென் பாம்ஃபோர்த்தும் இதன் காரணத்தைத் தேடி 1951இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்.

பழைய முறையில் இரண்டு மூன்று பேர் தாமாகவே சேர்ந்து ஒரு குழுவாவார்கள். கரியை வெட்டுவது, அள்ளுவது, கூரைக்கு முட்டுக் கொடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூட்டாளியை அவர்களே தேர்ந்துகொண்டார்கள். ஒருவர் விபத்தில் இறந்துபோனால் அவர் குடும்பத்தை மற்றவர் பார்த்துக்கொள்வதும் உண்டு. நீள்முக முறை என்னும் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ நாற்பது பேர் மூன்று ஷிப்டுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு ஷிப்ட் அறுக்கும், ஒன்று கன்வேயரை நகர்த்தி வழியமைக்கும், ஒன்று அள்ளும். ஒரு ஷிப்டின் அரைகுறை வேலை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது. யாரால் வந்த தொல்லை என்று தெரிந்தாலும் நேரில் கேட்க அந்த ஆள் அங்கே இல்லை. இருநூறு கெஜம் வரை நீண்ட இருட்டில் ஒருவருக்கொருவர் தள்ளி நின்று அள்ளியவர்கள், கூட்டாக உழைப்பதை விட்டுத் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் வழிகளைக் கற்றார்கள். பழி அடுத்தவர்மேல் போயிற்று. வேலைக்கு வராமல் இருப்பதும் ஒரு தற்காப்பாயிற்று. ஆட்கள் அதே சுரங்க ஊர்களின் ஆட்கள்தான்; கரியும் அதே கரிதான். வேலையைப் பங்கிட்ட முறைதான் அவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்தது.

அதே டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953இல் அகமதாபாத்தில் செய்த சோதனை, இந்தியப் பட்டதாரிகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது. 1918இல் காந்தி தலைமையில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த நகரம் அது. சாராபாய் குடும்பத்தின் கேலிகோ நிறுவனம் அங்கே ஒரு கூடத்தில் 224 தானியங்கித் தறிகளை நிறுவியிருந்தது. எந்த ஆள் எத்தனை தறிகளைக் கவனிப்பது என்பது நேர ஆய்வு செய்து கணக்கிடப்பட்டிருந்தது. தறிகளும் புதியவை, கணக்கும் சரியானது; ஆனால் உற்பத்தியும் துணியின் தரமும் பழைய தறிகளைவிட மேம்படவில்லை.

கூடத்தில் 29 பேர் 12 வகை வேலைகளைச் செய்தார்கள். நெசவாளர்கள் எட்டுப் பேர். தறியின் பேட்டரி என்னும் கூட்டில் ஊடை நூல் சுற்றிய தார் நிரப்புவோர் ஐந்து பேர். பாவு இழைகள் கொத்தாக அறுந்தால் பிணைப்போர் மூன்று பேர். மற்றவர்கள் எண்ணெய் விடுவது, துணி சுமப்பது, தறியைப் பழுது பார்ப்பது போன்ற வேலைகளில் இருந்தார்கள். நெசவாளருக்கு ஏறக்குறைய முப்பது தறிகள் என்றால், தார் நிரப்புபவருக்கு ஐம்பது வரை. இருவர் எல்லைகளும் பொருந்தவில்லை. வகுத்துப் பார்த்தால், ஒரு நெசவாளருக்கு எட்டில் ஐந்து பங்கு தார் நிரப்புபவரும், எட்டில் மூன்று பங்கு இழை பிணைப்பவரும் துணை. முழு மனிதர் ஒருவர்கூட அவருக்குக் கூட்டாளியாக இல்லை. காகிதத்தில் குறையே காண முடியாத இந்தக் கணக்குக்குள் 29 தனி ஆட்கள் இருந்தார்கள். குழு என்று எதுவும் இல்லை.

ரைஸ் முன்வைத்த யோசனை எளிமையானது. இன்ன தறிகளுக்கு இன்ன குழு முழுப் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். யோசனை மேற்பார்வையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் எட்டியதும், யார் யாரோடு சேர்வது என்பதை அவர்களே பேசி முடித்துப் பெயர்ப் பட்டியலைத் தயாரித்துவிட்டார்கள். ஊக்கமே இல்லாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் காட்டிய இந்த வேகம் இந்த ஆய்வின் மிக அழகான பகுதி. வேலை வகைகள் சுருங்கின. ஒருவர் வேலையில் மற்றவர் கை கொடுத்தார். புதிய முறை நிலைபெற்ற பின் தறிகளின் செயல்திறன் ஏறத்தாழ 80 விழுக்காட்டிலிருந்து 95க்கு உயர்ந்தது. பழுதான துணி 32 விழுக்காட்டிலிருந்து 20 அளவுக்குக் குறைந்தது. சோதனையோடு செய்யப்பட்ட கூலி மாற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று பின்னர் வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தையும் சேர்த்தே இந்தச் சோதனையை மதிப்பிட வேண்டும்.

ஆட்களை மாற்றாமலே ஓர் ஆலையின் மனநிலையை மாற்ற முடியும் என்பதற்கு வலுவான சான்று கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் இருக்கிறது. அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1982இல் மூடப்பட்டது. பணிக்கு வராதோர் விகிதம் 20 விழுக்காட்டை எட்டியிருந்தது. தீர்க்கப்படாத புகார்கள் ஆயிரக்கணக்கில் தேங்கியிருந்தன. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நும்மி என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்தபோது, வேலைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தப் பழைய தொழிலாளர்கள். தொழிற்சங்கமும் பழையதுதான். மாறியவை வேறு. வேலைகள் சிறு குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. எண்பதுக்கும் மேற்பட்டிருந்த வேலை வகைகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கின. குறை கண்டால் கயிற்றை இழுத்து உதவி கேட்கவும், தேவையானால் உற்பத்தி வரிசையையே நிறுத்தவும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை கிடைத்தது. இழுத்தவரை யாரும் திட்டவில்லை. குழுத் தலைவர் ஓடிவந்து உதவினார். 1980களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்பு செய்யாமல், அவர்களைப் பயிற்சியிலும் மேம்பாட்டு வேலைகளிலும் ஈடுபடுத்தினார்கள். பணிக்கு வராமை இரண்டு மூன்று விழுக்காடாகக் குறைந்தது. தானே முடிவெடுக்கும் உரிமையும் நாளை வேலை இருக்கும் என்ற உறுதியும் கிடைத்ததும், திருத்தவே முடியாதவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் அமெரிக்காவின் மிகச் சிறந்த கார் ஆலைகளில் ஒன்றை நடத்திக் காட்டினார்கள்.

வேலையின் பயன் யாரைச் சேர்கிறது என்று தெரியாமல் இருப்பதும் ஒட்டாமைக்கு ஒரு காரணம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், முன்னாள் மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்போரிடம் உளவியலாளர் ஆடம் கிரான்ட் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சில நிமிடங்கள் மட்டும் சந்தித்தவர்கள், ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது முன்பைவிட இரு மடங்குக்கும் மேலான நேரம் தொலைபேசியில் செலவிட்டார்கள். திரட்டிய தொகையும் இரு மடங்கைத் தாண்டியது. சம்பளம் கூட்டப்படவில்லை, பயிற்சி எதுவும் தரப்படவில்லை.

இன்றைய அலுவலகங்களில் சுரங்கமும் தறியும் இல்லை; துண்டாகிப் போன வேலை இருக்கிறது. மென்பொருள் நிறுவனத்தின் ஆதரவுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் முன் டிக்கெட்டுகள் எனப்படும் உதவிக் கோரிக்கைகள் வரிசையாக வந்து விழுகின்றன. அவற்றை அனுப்பியவர் யார், தீர்த்த பின் என்ன ஆயிற்று என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. வேறொரு நேர மண்டலத்தில் இருப்பவரிடம் ஷிப்ட் முடிவில் வேலை கைமாறுகிறது. தவறு நேர்ந்தால் பழி இருபுறமும் மின்னஞ்சலில் பறக்கிறது. புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் காத்திருக்கும் இளைஞருக்கு இந்தத் துண்டும் இல்லை. ஊதியம் வந்தாலும் தான் தேவைப்படாதவர் என்ற உணர்வு அவரை அரிக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும்போது பயண அலுப்பு மிச்சம். ஆனால் பக்கத்து இருக்கைக்காரரிடம் தயங்காமல் கேட்டுக் கற்கும் வாய்ப்பு போய்விடுகிறது; அந்த இழப்பு அதிகம் படுவது புதிதாகச் சேர்ந்தவர்மேல்தான்.

புதியவர் கையில் அதிகாரம் இல்லை. ஆனாலும் அவர் செய்யக்கூடியவை சில உண்டு. தன் வேலை எங்கிருந்து வருகிறது, தன்னிடமிருந்து எங்கே போகிறது என்று முதல் மாதத்திலேயே கேட்டறியலாம். தனக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பவரின் வேலையை அரைகுறையாகவாவது கற்றுக்கொள்ளலாம். தான் செய்த பொருளைப் பயன்படுத்தும் ஒருவரையாவது நேரில் பார்க்கலாம். குழுத் தலைவரால் செய்யக்கூடியது இதைவிட மிகுதி. துண்டு வேலையைத் தருவதை விட்டு, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைச் சிறு குழுவிடம் தரலாம். அதை எப்படிச் செய்வது என்ற முடிவைக் குழுவுக்கே விட்டுவிடலாம். விளைவை அவர்கள் கண்ணில் படும்படி வைக்கலாம். குறையைச் சொன்னவரை, அவர் சொன்னதாலேயே சிக்கலில் மாட்டிவிடாமல் காக்கலாம். இந்தக் கடைசிச் செயல் தவறினால் மற்றவை எதுவும் நிற்காது.

எல்லாத் துன்பங்களுக்கும் வேலையை மறுபடி பங்கிடுவது தீர்வாகாது. நியாயமற்ற கூலிக்குத் தீர்வு நியாயமான கூலிதான். சாதியின் பெயராலோ பாலினத்தின் பெயராலோ நடக்கும் அவமதிப்புக்கு விசாரணையும் தண்டனையும் வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது. உறக்கமும் பசியும் கெட்டு வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு மருத்துவம் வேண்டும் நிலை. மைய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

அகமதாபாத் சோதனைக்குப் பின் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் கழித்து, 1970இல், டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லர் மீண்டும் அங்கே சென்று பார்த்தார். ஓரிடத்தில் குழு முறை அப்படியே உயிரோடு இருந்தது. மற்ற இடங்களில் நெருக்கடிகள் வந்தபோது மேலதிகாரிகள் தலையிட்டுத் தலையிட்டு, வேலை பழைய முறைக்கே திரும்பியிருந்தது. வேலைப் பங்கீடு ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிடக்கூடிய காரியம் அல்ல. பட்டம் பெற்று அதிகாரத்துக்கு வருவோரிடம் வைக்கக்கூடிய வேண்டுகோள் ஒன்று உண்டு. தமக்குக் கீழ் வேலை செய்யும் ஒருவருக்கு ஈடுபாடு இல்லை என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதும் முன், அவர் அருகே ஒரு முழு ஷிப்ட் உட்கார்ந்து, அவருக்குத் தரப்பட்டிருக்கும் வேலை என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.