பயம் திரையில் மட்டும் இருக்கட்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில், குறும்படம் எடுக்கும் மாணவர்களுக்காக ஆற்றிய உரை)

 

இந்த ஆண்டு நம் மாணவர்கள் ஒரு பேய்ப் படம் எடுக்கிறார்கள். "அண்ணே, என்னென்ன சாமான் வாங்கணும்?" என்று கேட்டார்கள். நான் சினிமாக்காரன் இல்லை. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் பொறியாளன். ஆனால் வேலைக்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுப்பது எங்கள் தொழில். அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில் கேமரா. உங்கள் கையில் இருக்கும் செல்போனே போதும். 1981-இல் வந்த 'ஈவில் டெட்' குழுவினரிடம் பெரிய பணம் கிடையாது. ஒரு பலகையில் கேமராவைப் பொருத்தி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பார்த்தவர்களுக்கு ஏதோ ஒன்று தரையோடு துரத்தி வருவதுபோல் இருந்தது. அந்தப் பலகை பெரம்பலூர் மரக்கடையிலும் கிடைக்கும்.

மிச்சமாகும் பணத்தில் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்குங்கள். பேய்ப் படத்தில் பாதிப் பயம் காது வழியாகத்தான் வருகிறது. 1960-இல் வந்த 'சைக்கோ' படத்தில் கத்திக் குத்துச் சத்தம் முலாம்பழத்தைக் குத்தி எடுத்தது. ரத்தம் சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளைப் படம், ஆகவே செல்லுபடியானது. நமக்குக் கலர் படம். சர்க்கரைப் பாகில் சமையல் சிவப்பு நிறம் போட்டு, ஒரு சிட்டிகை காபித்தூள் சேருங்கள். இல்லாவிட்டால் ரோஸ்மில்க் மாதிரி தெரியும்! எலும்பு முறிகிற சத்தத்துக்கு, காய்ந்த மக்காச்சோளத் தட்டையை ஈரத்துணியில் சுற்றி ஒடியுங்கள். நம்ம மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்?

முகமூடி, பல், நகம் என்று கடை கடையாக அலைய வேண்டாம். 2009-இல் வந்த 'ஈரம்' படத்தில் பயமுறுத்தியது தண்ணீர். வீட்டில் இருக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதைப் படம் முழுக்கத் தொடருங்கள். ஒழுகும் குழாய் போதும். யாரும் இல்லாமல் ஆடும் தூளி போதும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 2020 பிப்ரவரியில், சென்னை அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். 2021 அக்டோபரில், அமெரிக்காவில் 'ரஸ்ட்' படத்தின் ஒத்திகையில், நிஜக் குண்டு இல்லை என்று நினைத்த துப்பாக்கியிலிருந்து நிஜக் குண்டு பாய்ந்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். அனுபவசாலிகள் இருந்த இடங்களிலேயே இப்படி என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்கணும்?

எனவே நிஜ அரிவாள் வேண்டாம். அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டுங்கள். தூக்குக் கயிற்றை யார் கழுத்திலும் மாட்டாதீர்கள்; சுவரில் அதன் நிழலைக் காட்டினால் போதும். ஆயிரம் வாட் விளக்கு ஒன்று, 230 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டை ஒரே ஆறு ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகினால் வயர் உருகலாம். சார்ஜ் செய்யும் எல்.இ.டி. விளக்கே நல்லது. சாம்பிராணிப் புகை போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்; மூடிய அறையில் கரி நெருப்பு ஆளையே கொல்லும்.

இரவில் சுவரில்லாத கிணற்றுப் பக்கமும், தண்ணீர் தேங்கிய சுண்ணாம்புக்கல் குழிப் பக்கமும் போகவே போகாதீர்கள். மாலை வெளிச்சத்தில் எடுத்து, பிறகு இருட்டாக்கி நீலம் ஏற்றினால் இரவாகிவிடும். ரஞ்சன்குடி கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அனுமதி வாங்காமல் அங்கே கேமராவைத் தூக்காதீர்கள். வெள்ளைச் சேலை கட்டி யாரையும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் நிறுத்தாதீர்கள். எதிரே வரும் பைக்காரருக்கு அது படம் என்று தெரியாது. அவர் திடுக்கிட்டு வண்டியைத் திருப்பினால், போவது ஒரு குடும்பம்.

எங்கள் ஆலையில், அபாயமான வேலை தொடங்கும் முன் என்னென்ன நேரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நீங்களும் சாமான் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இதைத் தொடுகிறவருக்கு என்ன ஆகலாம்?" என்று எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லை என்றால், அந்தச் சாமானை அடித்துவிட்டு வேறு யோசியுங்கள். நல்ல யோசனை பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

அடுத்த சந்திப்பில் உங்கள் படத்தைப் பார்த்து நாங்கள் அலற வேண்டும். எடுத்த அத்தனை பேரும் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். வாழ்த்துகள்.