கரும்பலகைப் பெட்டிகளும் கவசத்தின் இரும்பும்



பன்னிரண்டாம் வகுப்பில் அணைவுச் சேர்மங்கள் பாடத்துக்குக் கரும்பலகையில் ஐந்து பெட்டிகள் வரைகிறோம். கீழே மூன்று, மேலே இரண்டு. இரும்பு அயனியின் ஆறு எலக்ட்ரான்களை அம்புக்குறிகளாக நிரப்புகிறோம். "இது எதுக்கு சார்?" என்று ஒரு மாணவர் கேட்டால், "பொதுத்தேர்வில் வரும்" என்பதே பெரும்பாலும் நம் பதில். அதைவிட நல்ல பதில் நம் காலடியில், ஏறத்தாழ 1500 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

புவியின் கீழ்க் கவசம் சுமார் 660 கிலோமீட்டரில் தொடங்கி 2900 கிலோமீட்டர் வரை செல்கிறது. மனிதர் துளையிட்டது 12 கிலோமீட்டர் சொச்சம்தான்! அங்கே மிகுதியாக உள்ள கனிமங்களில் இரண்டாவது ஃபெர்ரோபெரிக்ளேஸ். இரும்பு கலந்த மக்னீசியம் ஆக்சைடு என்று சொன்னால் போதும். அதில் ஒவ்வோர் இரும்பு அயனியையும் ஆறு ஆக்சிஜன்கள் சூழ்ந்துள்ளன. நாம் வரையும் அதே எண்முகி.

டவுன் பஸ்ஸில் காலி இருக்கை உள்ளவரை அறிமுகமில்லாதவர் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. எலக்ட்ரான்களும் அப்படியே. ஆறில் இரண்டு இணைய, நான்கு தனித்தே நிற்கும். அழுத்தம் ஏற ஏற ஆக்சிஜன்கள் நெருங்குகின்றன. கீழ்ப் பெட்டிக்கும் மேல் பெட்டிக்குமான ஆற்றல் இடைவெளி வளர்கிறது. ஒரு கட்டத்தில், மேலே ஏறுவதைவிடக் கீழே இணைவது மலிவாகிவிடுகிறது. ஆறும் கீழ்ப் பெட்டிகளில் இணைகின்றன. சயனைடு செய்யும் வேலையை அழுத்தமே செய்துவிடுகிறது. அயனியின் ஆரம் 0.78 ஆங்ஸ்ட்ராமிலிருந்து சுமார் 0.61 ஆகச் சுருங்குகிறது. மாணவரையே அழைத்து, மேல் பெட்டி அம்புகளை அழித்துக் கீழே போடச் சொல்லுங்கள்.

இப்படி நடக்கலாம் என்று வில்லியம் ஃபைஃப் 1960இலேயே எழுதினார். சோதனையில் காட்ட 43 ஆண்டுகள் ஆயின. 2003இல் ஜேம்ஸ் பாத்ரோவும் உடன் ஆய்வாளர்களும் இக்கனிமத்தை இரு வைர முனைகளுக்கிடையே அழுத்தி, எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தனர். 60 முதல் 70 ஜிகாபாஸ்கலில், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆறேழு லட்சம் மடங்கில், இந்த மாற்றம் தெரிந்தது.

மாற்றம் நடக்கும் ஆழங்களில் அக்கனிமம் எளிதில் அமுங்கும். ஆகவே அமுக்கி அமுக்கிச் செல்லும் முதன்மை நிலநடுக்க அலைகளின் வேகம் பாதிக்கப்படும். பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் இரண்டாம் நிலை அலைகளுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. இந்த வேறுபாட்டின் தடயம் நிலநடுக்க அலைப் படங்களில் தென்படுவதாக 2021இல் ஓர் ஆய்வுக்குழு அறிவித்தது.