கடிக்கு முந்திய காவல்



கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் பெருவழி, பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை நோக்கி மேலேறுகின்றது. மற்றொன்று கொஸ்லந்தை வழியே வெல்லவாயாவுக்கு இறங்குகின்றது. இத்தகைய சந்திகளிலே, கைவிடப்பட்ட நாய்கள் கடையோரங்களில் ஒண்டிக் கிடப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவற்றை எடுத்துப் பேணும் அன்பர்களும் உளர். அவ்வன்பர்களின் கைகளைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

ஆம், கைகளைப் பற்றித்தான். தோட்டத்துப் பெண்ணொருத்தி காலையிலே கொழுந்து பறித்து, மாலையிலே நாய்க் காப்பகத்தில் உதவுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கடியிலே அவளுடைய விரல் நரம்பு அறுந்துபோனால், அவள் வீட்டு அடுப்பே அணைந்துவிடும். கருணைக்கு இவ்வளவு பெரிய விலை கேட்பது நியாயமா?

இலங்கையில் 2006ஆம் ஆண்டு முதல், தெருநாய்களைக் கொன்றொழிக்கும் பழைய முறைக்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும் முன்வைக்கப்பட்டன. இது நல்ல மாற்றம். ஆயினும், கொல்லாமல் காப்பதென்றால், நாயைப் பிடிக்கவும் தூக்கவும் மருந்தூட்டவும் ஒருவர் வேண்டுமல்லவா? அவரைக் காப்பதும் அந்த அறத்தின் ஒரு பகுதியே.

நாய் பெரும்பாலும் அச்சத்தினாலும் நோவினாலும் கடிக்கின்றது. கடிக்குமுன் அது அறிவிப்பும் தருகின்றது. உடல் விறைக்கும், பார்வை நிலைக்கும், உதடு சுருங்கும், உறுமல் எழும். வால் ஆடுவதெல்லாம் நட்பின் அடையாளமென்று கொள்ளற்க. உறுமும் நாயை அடிப்பவர், அதன் எச்சரிக்கையைத்தான் அடித்து மறக்கச் செய்கின்றார். பின்னர் அது உறுமாமலே கடிக்கும்.

ஆகவே காப்பகத்திற்குச் சில ஒழுங்குகள் வேண்டும். புதிதாக வந்த நாயைத் தனிக்கூட்டில் விட்டு, அமைதியடையும்வரை பொறுத்திருத்தல் முதலாவது. கூண்டுக்கு இரட்டைக் கதவு அமைத்து, ஒன்றைச் சாத்திய பின்னரே மற்றதைத் திறத்தல் இரண்டாவது. கடிக்கும் இயல்புள்ள நாயிடம் ஒருவர் தனியே செல்லாதிருத்தல் மூன்றாவது. அந்நாயின் குணத்தைக் கூண்டின் வாயிலிலேயே எழுதித் தொங்கவிடுதல் நான்காவது. நேற்றுப் பணியாற்றியவர் அறிந்ததை இன்று வருபவரும் அறியவேண்டும். இரு நாய்கள் சண்டையிடும்போது இடையிலே கையை நுழைத்தல் ஒருபோதும் ஆகாது. வாளித் தண்ணீரை வீசுக. பலகையொன்றை நடுவே செலுத்துக. கையுறை உதவும், ஆனால் பெரிய நாயின் தாடை வலிமைக்கு அது முழுக் கவசமாகாது.

தப்பித் தவறிக் கடிபட்டால், பற்களுக்கிடையே உள்ள கையை வெடுக்கென்று இழுத்தல் புண்ணைக் கிழித்துப் பெரிதாக்கும். துணைக்கு நிற்பவர் நாயை விலக்கவேண்டும். உடனே சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவவேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் கோப்பித் தூளும் புண்ணுக்கு வேண்டா. அதன்பின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் தப்புவது மிக அரிது. அதற்குமுன் ஏற்றப்படும் மருந்தோ உயிர் காக்கும்.

இந்நாட்டில் 1973ஆம் ஆண்டில் அந்நோயால் 377 பேர் மாண்டனர். நாய்களுக்கும் கடியுண்டோருக்கும் தடுப்பூசி பரவியதனால், இன்று ஆண்டொன்றின் மரணத்தொகை ஏறத்தாழ அதிற் பத்திலொரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. நாய்களுடன் நாள்தோறும் பழகுவோர், கடிபடுமுன்பே ஏற்றிக்கொள்ளத்தக்க தடுப்பூசியும் உண்டு. காப்பகப் பணியாளர் வேலைக்குச் சேரும் நாளிலேயே இதுபற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. முன்பே ஊசி ஏற்றியவரும் கடிபட்டால் மீண்டும் வைத்தியரை நாடவே வேண்டும். மலைத் தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்கு வழி நெடிது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் நெடிது. முன்காவலின் அருமை இங்கேதான் மிகுதி.

ஒரு காப்பகத்தில் ஒருவர் கொடுங்கடி பட்டால், மறுநாள் பணிக்கு வர மற்றவர் அஞ்சுவர். கடித்த நாயின் உயிருக்கும் உலை வைக்கப்படும். பணியாளரின் காவலே நாயின் காவலும் ஆகும். அன்பு கை நீட்டட்டும். நீட்டுமுன் ஒரு கணம் நின்று பார்க்கட்டும்.