கண்காணிப்புக் கேமரா: காவலா, வேவா?

 

பள்ளிவாசல் முகப்பிலும் தெருமுனைகளிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது குறித்து நம் கமிட்டி ஆலோசித்து வருகிறது. "வேவு பார்ப்பது மார்க்கத்தில் தடுக்கப்பட்டதாயிற்றே!" எனச் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. இங்கிலாந்தில் நடந்த இரு நிகழ்வுகளைத் தங்கள் சிந்தனைக்கு வைக்கிறேன்.

2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 அப்பாவிகள் மாண்டனர். ஜூலை 21 அன்று மீண்டும் அதே போன்ற சதி. குண்டுகள் முழுமையாக வெடிக்காததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. தப்பியோடிய நால்வரின் உருவங்கள் கேமராக்களில் பதிவாகியிருந்தன. மறுநாளே படங்கள் வெளியிடப்பட்டன. அவற்றைக் கண்ட ஒருவனின் குடும்பத்தினர் தாமாகவே காவல் நிலையம் சென்று வாக்குமூலம் அளித்தனர். ஜூலை 29க்குள் நால்வரும் பிடிபட்டனர். 2007இல் ஆயுள் தண்டனை பெற்றனர். படத்தைத் தந்தது கேமரா. சாட்சி சொன்னது மனிதரின் மனசாட்சி. உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சி பகருமாறு அந்நிஸா அத்தியாயம் (4:135) பணிப்பதை இங்கு நினைவுகூர்வோமாக.

மற்றொன்று பர்மிங்ஹாமில் நடந்தது. 2010இல் அந்நகரில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் 200க்கும் மேற்பட்ட கேமராக்கள் நிறுவப்பட்டன. பல மறைத்து வைக்கப்பட்டவை. பொதுவான குற்றத் தடுப்புக்கென்றே மக்களிடம் கூறப்பட்டது. பணமோ பயங்கரவாதத் தடுப்பு நிதியிலிருந்து வந்திருந்தது. உண்மை வெளியானதும் மக்கள் கொதித்தனர். காவல்துறை மன்னிப்புக் கோரியது. 2011இல் அனைத்தும் அகற்றப்பட்டன.

கருவி ஒன்றே, பலன் இரண்டு. பொது இடத்தில், அனைவரும் அறிய வைக்கப்பட்டது உயிர்களைக் காக்க உதவியது. மறைத்து வைக்கப்பட்டதோ மக்களின் நம்பிக்கையைக் குலைத்தது. நம்பிக்கை குலைந்த இடத்தில் சாட்சி சொல்ல யார் முன்வருவர்? அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) தடுப்பது, பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதையே. பொதுவழியைக் காப்பதை அன்று.

ஆகவே கேமரா வரட்டும். ஆனால், எவர் வீட்டு வாசலையும் ஜன்னலையும் அது நோக்கலாகாது. அறிவிப்புப் பலகை இருக்கட்டும். பதிவைப் பார்ப்பவர் யார், எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். பதிவு ஓர் அமானிதம். அதைப் புறம்பேசப் பயன்படுத்துபவர் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும்.

அனைத்தையும் பார்ப்பவனாகிய வல்ல அல்லாஹ், நம் ஊரையும் நம் மானத்தையும் காத்தருள்வானாக! ஆமீன்.