வவுனியாவுக்குப் போன பஸ்கள்

இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, எனக்குத் தந்திருப்பது இருபது நிமிடம். அதில் ஐந்தை மரியாதைகளுக்குக் கொடுக்க மனமில்லை.

நுகேகொடை எனக்குப் புதிய இடமல்ல. சட்டக் கல்லூரியில் படித்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் ஒரு போடிங்கில் இருந்தேன். 176 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிக் குலுங்கிக் குலுங்கி இங்கே வந்து இறங்குவேன். கூடப் படித்த சிங்களத் தோழி ஒருத்தியின் வீடு இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய அம்மா சமைக்கும் பலாக்கொட்டைக் கறிக்காகவே வருவேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. இரவு ஏழு மணிக்கு முன்னர் திரும்பிவிட வேண்டும். போடிங் அன்ரி ஏழுக்குக் கேற்றைப் பூட்டிவிடுவார், பிந்தி வந்தவள் படியில் இருந்து அழ வேண்டியதுதான். அவ்வளவு கண்டிப்பான அந்த மனுசி ஒரு கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்டதில்லை: நீ ஏன் கொழும்புக்கு வந்தாய்? ஐந்தாம் திகதிக்குள் வாடகை வந்தால் அவருக்குப் போதும்.

அந்தக் கேள்வியை 2007 இல் அரசாங்கம் கேட்டது.

ஜூன் 7, வியாழக்கிழமை. அப்போது வெள்ளவத்தையில் குடியிருந்தேன். எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு லொட்ஜ் இருந்தது. கண் சத்திரசிகிச்சைக்கு வந்த ஒரு பெரியவர், மகனுடைய வெளிநாட்டு வேலைக்காக ஏஜென்சிப் படி ஏறி இறங்கும் ஒரு தாய், கனடாவிலிருக்கும் கணவனிடம் போக விசாவுக்குக் காத்திருந்த ஒரு பெண் என்று பதினைந்து, இருபது பேர். விடியுமுன்னரே பொலிஸார் வந்தார்கள். அரை மணித்தியாலத்தில் சாமான்களைக் கட்டச் சொன்னார்கள். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். அந்தக் கனடாப் பெண் கேற்றைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், என்ர பாஸ்போட் ஏஜென்சியில நிக்குது, நான் எப்பிடிப் போறது?" என்று கேட்டாள். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று அதிகாரியைக் கேட்டேன். வவுனியாவுக்கு என்றார். என்ன சட்டத்தின் கீழ் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடிய பதில் அவரிடம் இருக்கவுமில்லை.

பஸ்ஸுக்கு முன்னால் படுத்திருக்கலாம். அந்த நினைப்பும் வந்தது. ஆனால் உள்ளே போய் மகனுடைய சீ.ஆர். கொப்பி ஒன்றை எடுத்து வந்து பெயர்களை எழுதத் தொடங்கினேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம், ஏற்றிய நேரம். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் இருந்தார். அவரும் இறங்கி வந்துவிட்டார். அந்த அரை இருட்டில் அவருக்குத்தான் கண் நன்றாகத் தெரிந்தது. பஸ்ஸின் இலக்கத்தை அவர் வாசிக்க நான் எழுதினேன்.

அன்று கொழும்பு லொட்ஜ்களிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் 376 பேர், அவர்களில் பெண்கள் 85 பேர் என்று பொலிஸ் கணக்குச் சொன்னது. தக்க காரணமில்லாமல் தங்கியிருந்தவர்கள் என்பதுதான் விளக்கம். பயம் பொய்யென்று சொல்ல மாட்டேன். பத்து நாட்களுக்கு முன்னர்தான் இரத்மலானையில் குண்டு வெடித்து ஆட்கள் இறந்திருந்தார்கள். ஆனால் சொந்த நாட்டின் தலைநகரில் இருக்க விசா கேட்பதைப் போன்ற ஒரு நடவடிக்கைக்கு அந்தப் பயம் சட்டமாகிவிடாது. நாட்டுக்குள் விரும்பிய இடத்தில் வாழும் உரிமையை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் தந்திருக்கிறது.

மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு கொடுத்தது. அந்த மனுவில் எனக்குப் பங்கில்லை. உள்ளூரிலிருந்தும் வெளியிலிருந்தும் கண்டனங்கள் குவிந்தன. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். பாதுகாப்புச் செயலாளர் மட்டும் செய்தது சரியென்று நின்றார். போனவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். என் கொப்பியில் இருந்த சிலருக்குப் பிறகு சத்தியக்கடதாசி முடிக்க வேண்டி வந்தபோது, அந்த அதிகாலையின் நேரமும் பஸ் இலக்கமும் கையில் இருந்தன. ஜூனியர்களாக என்னிடம் வந்த பிள்ளைகள் எல்லாரும் இந்தக் கொப்பிக் கதையைக் கேட்டுச் சலித்தவர்கள். நீங்களும் ஒருமுறை கேட்டாயிற்று.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 2008 செப்டெம்பரில், வடக்கிலிருந்து ஐந்து வருடங்களுக்குள் வந்து மேல் மாகாணத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாடசாலைகளிலும் கோயில்களிலும் வரிசை. குடையோடு நின்று படிவம் நிரப்பினோம். முந்திய வருடம் கொதித்த கொழும்பு அன்று கொதிக்கவில்லை. காரணம் எளிது. பஸ்ஸைப் படம் பிடிக்கலாம், வரிசையில் நிற்பவர்களைப் படம் பிடித்தால் யாருக்கு நெஞ்சு பதறும்?

போன மாதம் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். 2025 ஜூனில் லொஸ் ஏஞ்சலீஸில் குடிவரவுச் சுற்றிவளைப்புகளுக்கு எதிராக அத்தனை பேர் வீதியில் இறங்கினார்களே, ஜனாதிபதி தேசியக் காவல்படையை அனுப்பினாரே தவிர சுற்றிவளைப்புகளை நிறுத்தவில்லையே, போராடி என்ன பயன் என்று. பயன் உண்டு தங்கச்சி. ஆனால் கண்ணுக்குத் தெரிவதற்கு எதிராகத்தான் கூட்டம் சேர்கிறது, அதன் எல்லை அங்கேதான் இருக்கிறது.

நம் மலையகத்தைப் பாருங்கள். மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கிய 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் யாரையும் பஸ்ஸில் ஏற்றவில்லை. வெறும் கடதாசிதான். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்கள் வென்றிருந்தது. 1952 இல் அதற்கு ஒன்றும் இல்லை, வாக்காளர்களே பட்டியலில் இல்லாமல் போனார்கள். அந்த ஆண்டுதான் தொண்டமானின் தலைமையில் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடந்தது. மாதக்கணக்கில் இருந்தார்கள். சட்டம் அசையவில்லை. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் அமர்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் அழுத அழுகை கண்ணுக்குத் தெரிந்தது, ஆனால் அதற்குள் பதினாறு வருடம் போய்விட்டது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவுஸ்திரேலியாவின் பிலோயெலா என்ற சிற்றூரில் வாழ்ந்த, புகலிடம் கேட்டுப் போன தமிழர்களான நடேசலிங்கம், பிரியா குடும்பத்தை உங்களுக்குத் தெரியும். 2018 மார்ச்சில் விடியற்காலையில் வந்து பிடித்தார்கள். அந்த ஊர் வெள்ளைக்காரர்கள், இறைச்சித் தொழிற்சாலையில் நடேசோடு வேலை செய்தவர்கள், விடாமல் நான்கு வருடம் போராடினார்கள். 2019 ஓகஸ்டில் நாடு கடத்தும் விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிமன்றத் தடை வந்து, அது டார்வினில் இறங்கியது. 2022 இல் ஆட்சி மாறி, குடும்பம் ஊர் திரும்பியது. எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அவர்களைத் திரும்ப அழைத்த அதே புதிய அரசாங்கம், இலங்கையிலிருந்து போன படகுகளைத் திருப்பி அனுப்புவதைத் தொடர்ந்தது. நடுக்கடலில் அயலவர் யாரும் இல்லை.

கூட்டம் எப்போதும் நியாயத்தின் பக்கம் நிற்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2017 செப்டெம்பரில் கல்கிசையில், இங்கிருந்து சில மைல் தூரத்தில், ஐ.நா. பாதுகாப்பு இல்லமொன்றில் இருந்த 31 ரோஹிங்கியா அகதிகளைத் துரத்தச் சொல்லிப் பிக்குகள் தலைமையில் ஒரு கும்பல் புகுந்தது. உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். கடைசியில் அகதிகளைத்தான் பூஸா தடுப்பு முகாமுக்குக் கொண்டு போனார்கள். 2024 டிசெம்பரில் இன்னொரு ரோஹிங்கியாப் படகு முள்ளிவாய்க்காலில் கரை தட்டியபோது, அந்த ஊர் மக்கள் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். திருப்பி அனுப்பாதே என்று கவனயீர்ப்புப் போராட்டமும் நடத்தினார்கள். இழக்க எதுவும் மிச்சமில்லாத ஊர் அது. ஆனாலும் இந்த நாடு 1951 அகதிகள் உடன்படிக்கையில் இன்றுவரை கையெழுத்திடவில்லை. அந்தக் கையெழுத்துக்காக வீதியில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உங்களில் பாதிப்பேர் அரசாங்க உத்தியோகத்துக்குப் போவீர்கள். 2008 இல் அந்தப் படிவத்தை ஒரு பட்டதாரிதான் வரைந்திருப்பார், நல்ல பிள்ளையாகத்தான் இருந்திருப்பார். உங்கள் மேசைக்கு அப்படியொன்று வரும்போது, இது எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். சட்டம் படித்தவர்களுக்கு ஒன்று. அடிப்படை உரிமை மனுவுக்கு அவகாசம் ஒரே ஒரு மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. இதைத் தெரியாமல் பிந்தி வந்து கலங்கி நின்றவர்களைப் புதுக்கடையில் நிறையக் கண்டிருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் அம்மா, அப்பாவுக்கும் சொல்லி வையுங்கள்.