மணல்மேட்டு ஈயும் அதன் பெயரும்

பாலைநிலத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒருவர், இதுவரை யாரும் பதிவு செய்யாத ஓர் ஈயைப் பிடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிடித்த கையோடு அதற்குப் பெயர் வைத்துவிட முடியுமா? முடியாது.

முதலில் ஊசியில் குத்தி உலர்த்த வேண்டும். பிறகு நுண்ணோக்கியின் கீழே பொறுமையான வேலை. இறக்கை நரம்புகள் எங்கே கிளை பிரிகின்றன, முதுகில் எந்த இடத்தில் முடி இருக்கிறது, ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பு என்ன வடிவம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும் இரண்டு ஈ இனங்கள்கூட அந்த உறுப்பில் வேறுபட்டிருக்கலாம். உலகில் பெயர் பெற்ற ஈ இனங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். புதியது எந்தக் குடும்பம், அதன் நெருங்கிய உறவுகளிலிருந்து எப்படி மாறுபடுகிறது என்று காட்டினால்தான் மற்றவர்கள் ஏற்பார்கள். கடைசியில் ஒரே ஓர் ஈயை ‘ஹோலோடைப்’ என்று அறிவித்து அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். எங்கே, எப்போது, யார் பிடித்தார் என்ற சிறு சீட்டும் அதே ஊசியில் இருக்கும். நூறு ஆண்டு கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த ஈயைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள்.

பாலை ஈக்களில் இன்னொரு சிரமம் உண்டு. பல இனங்கள் வாழ்நாளில் பெரும்பகுதியைப் புழுவாக மணலுக்குள்ளேயே கழித்துவிடும். சிறகு முளைத்து வெளியே பறப்பது ஆண்டில் சில வாரங்கள்தான்.

இந்த வேலையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் கலிபோர்னியாவைக் காட்டுவேன். அங்கே ராஃபியோமிடாஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த பெரிய ஈக்கள், வறண்ட மணல்மேடுகளிலும் பாலைகளிலும் வாழ்கின்றன. அவற்றில் ஒன்று டெல்ஹை மணல்மேட்டு ஈ. நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர். கோடையின் கடைசியில் வெளிவந்து, அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலால் பூத்தேன் குடிக்கும். இதைத் தனி வகையாக 1941-இல் விவரித்தவர் கேசியர் என்ற பூச்சியியலாளர். அன்று அதைப் பூச்சி ஆராய்ச்சியாளர்களைத் தவிர வேறு யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

பிறகு பண்ணைகள் வந்தன, வீடுகள் வந்தன, மணல்மேடுகள் அழிந்தன. 1993-இல் அமெரிக்க அரசு அந்த ஈயை அழிந்துவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈ அதுதான். அதனால், கலிபோர்னியாவின் கோல்டன் நகரில் அந்த ஈ வாழும் மணலில் திட்டமிட்டிருந்த அரசு மருத்துவமனையைச் சற்று நகர்த்திக் கட்ட வேண்டியதாயிற்று. ஓர் ஈக்காக இவ்வளவு செலவா என்று கண்டனம் எழுந்தது. நோயாளிகளுக்காகப் பேசியவர்களின் கவலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் மருத்துவமனையும் எழுந்தது, ஈக்கும் ஒரு துண்டு மணல் மிஞ்சியது.

ஒரே மாநிலத்தில் மட்டும் வாழும் ஈயைக் காக்க மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டா என்று வீடு கட்டுவோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. உண்டு என்று 1997-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேசியர் அந்த ஈயைப் பிரித்தெழுதாமல் போயிருந்தால் பட்டியலில் சேர்க்க ஒரு பெயர் இருந்திருக்காது. நீதிமன்றத்தில் வாதாட ஒரு வழக்கும் இருந்திருக்காது.