நூலோரிடம் கேட்க வேண்டுவன
(திருவள்ளூரில் ஆற்றிய உரை)



நூலாசிரியரைக் காணச் செல்லும் நம் இளைஞருட் சிலர், எப்பொழுது எழுதத் தொடங்கினீர்கள், எவரைப் படித்தீர்கள் என்னும் இரண்டு வினாக்களோடு திரும்பி விடுகின்றனர். நூலாசிரியர்க்கும் அது வாய்ப்பாகப் போய்விடுகின்றது! இலக்கியப் பேச்சு மண்ணைப் பற்றிய பேச்சாக வளர வேண்டாவா?

இம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. இன்று இதனுள் அடங்கிய திருத்தணி, அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வெல்லைப்புறத்து ஊர்களில் தமிழ் கற்பித்து வந்தவர் ஆசிரியர் மங்கலங்கிழார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அச்சுக் கோத்துப் பிழைத்து, சிலப்பதிகாரத்தில் தோய்ந்தவர் ம.பொ.சிவஞானம். இவ்விருவரையும் வடக்கெல்லைப் போர் ஒன்றுசேர்த்தது. தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை எல்லையாகக் கூறுகின்றதே, அவ்வேங்கடத்தடியில் வாழும் தமிழ்ப்பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி எங்கே? பாயிரத்தை இப்படியும் படிக்கலாம்! மங்கலங்கிழார் 1953-இல் மறைந்தார். 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி நம்மோடு இணைந்தது, திருப்பதி இணையவில்லை.

ம.பொ.சி.யின் அரசியலில் நாம் உடன்படாதன பல. அவர் நடையில் வடசொல்லும் மிகுதி. உடன்படாதவரோடன்றோ உரையாட வேண்டும்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இன்று தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒலிக்கின்றன. அவ்வூரிலேயே ஈழத்தமிழர் முகாமும் உளது. எழுத்தாளரைக் காணச் செல்வோர் கேளுங்கள்: ஆலைத் தொழிலாளியின் பேச்சு உங்கள் கதையில் ஏன் இல்லை? முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு எது நாடு? விடையை அவர் சொன்னவாறே எழுதி வாருங்கள். மாலையும் நிழற்படமும் பிறகு ஆகட்டும்.